பெற்றோரை நாற்காலியில் வைத்துப் பூஜிக்காதீர்கள்!

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது டில்லி ஸ்டேஷனில் வந்து நின்றதும், பெட்டியிலிருந்து இறங்குகிற நம் ஊர்ப் பெரியவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு கையில் துணிப்பை, அதற்குள் ஊறுகாய்ப் பாட்டில் பத்திரமாக இருக்கும். நாம் கையை நீட்டினால், "விடு, நானே இறங்கிக்கிறேன்" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அதே பெரியவரை இரண்டு மூன்று வருஷம் கழித்து நம் பிளாட்டில் பாருங்கள். ஸோபாவிலிருந்து எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்றுகிறார். பாத்ரூம் போகச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். கேட்டால், "வயசாயிடுச்சு இல்லையா?" என்கிறோம்.

வயது இரண்டு மூன்று வருஷம்தானே கூடியிருக்கிறது? கால்களுக்கு மட்டும் எப்படி இருபது வருஷம் கூடியது?

பெரும்பாலும் நாம்தான் கூட்டிவிட்டோம் என்பது என் கட்சி. கெட்ட எண்ணத்தில் அல்ல, அன்பினால் செய்தோம். அதனால்தான் இதைச் சொல்வது சற்றுச் சங்கடமாக இருக்கிறது. பிறரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. முதல் குற்றவாளி நானே என்பதால், என் வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் வீட்டில் நடந்தது

2017-ல் அப்பா காலமான பிறகு அம்மாவை டில்லிக்கு அழைத்து வந்தோம். அப்போது அவருக்கு 73 வயது. பாபநாசத்துக்கும் சுவாமிமலைக்கும் நடுவே ஒரு கிராமத்தில் ஐம்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவர். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவார். தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்குவார். கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இழுப்பார். கிருத்திகைதோறும் சுவாமிமலைக்குப் போய் அறுபது படியும் ஏறி முருகனைச் சேவித்துவிட்டு வருவார். எண்ணிப் பார்த்தால் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவையாவது தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பார். அதற்கு யாரும் உடற்பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை.

மயூர் விஹாரில் எங்கள் டி.டி.ஏ. பிளாட் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அம்மா வருகிறார் என்று எல்லா வசதியும் செய்துவைத்தோம். உயரமான கட்டில், கமோடு, சாப்பாட்டு மேஜை, சமையலறையில்கூட ஒரு பிளாஸ்டிக் நாற்காலி! "இத்தனை வருஷம் உழைச்சது போதும் அத்தை, நீங்க விடுங்க" என்று என் மனைவி கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொள்வாள். "கீழே இறங்காதேம்மா, ஏறும்போது மூச்சு வாங்கும்" என்பேன் நான். தண்ணீர் வேண்டுமென்றால் பேரன் கொண்டுவந்து கொடுப்பான். பார்க்குக்குப் போகலாமென்றால் அங்கே எல்லோரும் இந்தி பேசுகிறார்கள், அம்மாவுக்கோ ஒரு வார்த்தை தெரியாது. குளிர்காலம் வந்தால் கேட்கவே வேண்டாம். ரஜாயைப் போர்த்திக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்தான்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும், "அம்மாவை உள்ளங்கையில வெச்சுத் தாங்கறியேப்பா!" என்றார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

2019 ஜனவரியில் ஒரு நடுராத்திரி, பாத்ரூம் வாசலில் அம்மா விழுந்துவிட்டார். நல்லவேளை, இடுப்பு தப்பியது. இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். அதற்கப்புறம்தான் ஒரு விஷயம் எங்களுக்கு உறைத்தது. கட்டுப் போட்ட கையை ஊன்ற முடியாததால், அம்மாவால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. அத்தனை நாளும் அவர் காலால் எழுந்திருக்கவில்லை, கையால் எழுந்துகொண்டிருந்தார்! கை போனதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

மணிக்கட்டுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண் சிறு வயதுக்காரி. இரண்டு நாள் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "மணிக்கட்டு தானாகச் சேர்ந்துவிடும். அம்மா விழுந்தது காலில் பலம் இல்லாததால். அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்?"

என்னிடம் பதில் இல்லை.

காலுக்குள் என்ன நடக்கிறது?

அதன் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முப்பது வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவிகிதம் வரை நம் தசை குறைந்துகொண்டே போகிறது. அறுபதுக்கு மேல் இந்த வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட அதன் வலு இன்னும் சீக்கிரமாகக் குறைகிறது. இதற்கு 'சார்க்கோபீனியா' என்று 1989-ல் பெயர் வைத்தார் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர். 2016-ல் அமெரிக்காவின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி எண்ணே கொடுத்துவிட்டார்கள்.

நாற்காலியிலிருந்து எழவும் படி ஏறவும் தொடையின் முன்பக்கத் தசையும் பிட்டத்துத் தசையும் வேண்டும். நடக்கும்போது உந்தித் தள்ளக் கெண்டைக்கால் தசை வேண்டும். இவற்றில் மெதுவாக வேலை செய்கிற இழைகளும் உண்டு, சட்டென்று வேலை செய்கிற இழைகளும் உண்டு. வயதாகும்போது முதலில் மெலிவது அந்தச் சட்டென்று பாய்கிற இழைகள்தான். கால் இடறும்போது ஒரு நொடிக்குள் அடுத்த காலை முன்னே வைத்து நம்மைக் காப்பாற்றுகிறவை அவையே. அதனால்தான் இளைஞன் இடறினால் தடுமாறி நிமிர்ந்துவிடுகிறான். பெரியவர் அப்படியே விழுந்துவிடுகிறார்.

வயதினால் குறைவது ஒரு கணக்கு. சும்மா இருப்பதால் குறைவது இன்னொரு கணக்கு. இந்த இரண்டாவது கணக்கைத்தான் நாம் பார்ப்பதில்லை. 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த, சராசரி 67 வதானவர்களைப் பத்தே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது! ஜுரம் இல்லை, நோய் இல்லை, படுத்திருந்தார்கள், அவ்வளவுதான். நம் வீட்டு ஸோபா படுக்கை அல்லதான். ஆனால் அங்கே பத்து நாளில் நடந்தது இங்கே நிதானமாக இரண்டு வருஷத்தில் நடக்கிறது. அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

போனது திரும்புமா?

திரும்பும். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

1990-ல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் பாஸ்டன் நகரில், பராமரிப்பு இல்லத்தில் இருந்த, சராசரி 90 வயதான பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். தொண்ணூறு வயதில் எடையா என்று நமக்குப் பகீரென்கிறது. ஆனால் முடிவில் அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. அதே ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில், எட்டியிருந்த உச்ச வலிமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. தினமும் பல் தேய்ப்பதைப் போல இதுவும் முடிவில்லாத வேலைதான்.

எங்கள் வீட்டில் எடையும் இல்லை, இயந்திரமும் இல்லை. கை நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டோம். உயரத்துக்கு இரண்டு தலையணை வைத்தோம். கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். முதல் நாள் இரண்டு தடவை. அதற்கே அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இது என்னடா தம்பி, இந்த வயசுல எனக்குத் தோப்புக்கரணம்?" என்றார். பத்து நாளில் ஐந்தாயிற்று. ஒரு மாதத்தில் ஒரு தலையணையை எடுத்தோம், அப்புறம் இன்னொன்றை. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது, பிறகு மாடிப்படி. முதலில் ஒரு படி, பிறகு ஒரு மாடி. ஏறும்போது நான் பின்னால், இறங்கும்போது நான் முன்னால்.

2020 பிப்ரவரியில் அம்மா ஆர்.கே.புரம் மலை மந்திரின் படிகளை, கம்பியைப் பிடித்து, நடுவில் இரண்டு தடவை நின்று, ஏறி முடித்தார். உத்தர சுவாமிமலை சுவாமிநாதன் சந்நிதியில் நின்று, "ஊர்ல விட்டுட்டு வந்தேன்னு நினைச்சேன், இங்கேயும் நிக்கறியா?" என்றார். அடுத்த மாதமே ஊரடங்கு வந்தது. பார்க்கும் போயிற்று, கோவிலும் போயிற்று. ஆனால் நாற்காலியும் சமையல் மேடையும் வீட்டில்தானே இருக்கின்றன? அம்மா விடவில்லை.

மிகைப்படுத்த விரும்பவில்லை. எண்பதைத் தாண்டிய அம்மாவிடம் இப்போது கைத்தடி உண்டு. தரையில் உட்கார்ந்தால் எழ ஒரு கை ஊன்ற வேண்டியிருக்கிறது. போனது எல்லாம் திரும்பவில்லை. பாத்ரூமுக்குத் தானாகப் போகிறார், தானாகக் குளிக்கிறார், தானாக இறங்கி மதர் டெய்ரி பூத்தில் பால் வாங்குகிறார். ஒரு மனுஷிக்கு மானத்தோடு வாழ வேறென்ன வேண்டும்?

நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள்

"வயசான காலத்தில் வேலை வாங்கினால் ஊர் என்ன சொல்லும்?" இதுதான் முதல் கேள்வி. வெளியூரில் இருக்கும் நமக்கு இந்தப் பயம் அதிகம். சென்னையிலிருந்து என் அண்ணனே போன் செய்து, "அம்மாவைப் பால் வாங்க அனுப்பறியாமே?" என்று குரலை உயர்த்தினார். அம்மா போனைப் பிடுங்கி, "அவன் எங்கே அனுப்பறான்? நான்தான் போறேன். நீ உன் வேலையைப் பாரு" என்றார். ஊர் நம் வீட்டு ஸோபாவைப் பார்த்து மெச்சும். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா விழுந்தால் தூக்க ஊர் வராது.

"நடந்தால் விழுந்துவிடுவார்களே?" நியாயமான பயம். ஆனால் விழுவார்கள் என்று நடக்கவிடாமல் வைத்தால் கால் இன்னும் மெலியும், நாளைக்கு நிச்சயமாக விழுவார்கள். பயத்தை வீட்டின் மேல் காட்டுங்கள். பாத்ரூமில் பிடிக்கக் கம்பி, ராத்திரியில் எரிய ஒரு சிறிய விளக்கு, வழுக்காத தரை போதும். வழுக்குகிற மிதியடியையும் தேய்ந்துபோன ரப்பர் செருப்பையும் தூக்கி எறியுங்கள். தூக்க மாத்திரையோ ரத்த அழுத்த மாத்திரையோ சாப்பிடுகிறவருக்கு எழுந்து நிற்கையில் தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"முழங்கால் வலிக்கிறதே?" மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இன்று மருத்துவர்கள் முதலில் சொல்லும் சிகிச்சைகளில் ஒன்று பயிற்சிதான். தொடைத் தசை பலமாக இருந்தால் மூட்டுக்குச் சுமை குறைகிறது. லேசான வலி இருக்கலாம். பயிற்சிக்குப் பிறகு வலி கூடி மறுநாளும் நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை.

"அப்பா தினமும் பார்க்கில் நடக்கிறாரே, போதாதா?" நடப்பது இதயத்துக்கும் மனசுக்கும் மிக நல்லது. ஆனால் சமதரையில் நிதானமாக நடப்பது தொடைக்குப் பெரிய வேலை கொடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் நடை போன்றவற்றோடு கூட, சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

வீட்டிலேயே ஒரு பரீட்சை

கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலியைச் சுவரில் சாய்த்துப் போடுங்கள். பெரியவர் கையை மார்பில் கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் வைத்திருக்கும் அளவுப்படி, 65 முதல் 69 வயதில் ஆண்கள் 12-க்கும் பெண்கள் 11-க்கும் குறைந்தால் விழும் அபாயம் உண்டு. 75 முதல் 79 வயதில் இது 11, 10. 80 முதல் 84 வயதில் 10, 9. நம்மவர்களுக்கு இதை ஒரு குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளலாம். எண் குறைவாக இருந்தால் மனம் உடைய வேண்டாம். எங்கள் வீட்டில் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கினோம்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். பல பெரியவர்கள் ராத்திரி ஒரு டம்ளர் மோர், இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தசை வளரப் புரதம் வேண்டும். பருப்பு, சுண்டல், தயிர், பால், சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை, மீன் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் புரதத்தைக் கூட்ட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை, எலும்பு முறிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஒரு பக்கக் கால் திடீரென்று சோர்ந்தாலோ, கால் மரத்துப்போய்ச் சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, அது பயிற்சி செய்யவேண்டிய சமயம் அல்ல, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய சமயம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்க விழாக்களிலும் பெரியவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, காபியும் தட்டும் கையில் கொடுத்து, கடைசியில் பொன்னாடை போர்த்தி அனுப்புகிறோம். மரியாதைதான், மறுக்கவில்லை. அதோடு இன்னொன்றும் செய்யலாமே! ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும்போது, அழைத்து வருகிற தாத்தா பாட்டிகள் வெளியே உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். அந்த அரைமணி நேரத்தில் இருபது நாற்காலி போட்டுத் தமிழிலேயே பயிற்சி சொல்லிக்கொடுக்கலாம். நம் உறுப்பினர் குடும்பங்களில் பிசியோதெரபி படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை டில்லியின் புகையிலும் பனியிலும் பெரியவர்களைப் பார்க்குக்கு அனுப்ப முடியாது. அந்த மூன்று மாதம் சங்கத்தின் கூடம் அவர்களுக்குப் பயன்படட்டும். பொங்கல் விழாவில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று ஒரு கோலப் போட்டி வையுங்கள். முடிந்தவர்கள் தரையில் போடட்டும், முடியாதவர்கள் நின்றபடி பலகையில் போடட்டும்.

அதைவிட முக்கியம், அவர்களுக்கு வெளியே போக ஒரு காரணம் வேண்டும். பாஷை தெரியாமல் வீட்டோடு இருப்பவருக்குக் காலும் கட்டுப்பட்டுவிடுகிறது. அம்மா பால் பூத்துக்குப் போக முதலில் கற்றது நடையை அல்ல, 'தோ பேக்கெட்' என்ற இரண்டு வார்த்தையை! இன்று பூத்துக்காரர் அம்மாவை ஒரு நாள் காணாவிட்டால் என்னிடம் விசாரிக்கிறார். பெரியவர்களுக்கு நாலு வார்த்தை இந்தி சொல்லிக்கொடுங்கள். கால்கள் தானாகப் பின்னால் வரும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் "உட்காருங்கள்" என்றால் அது அன்பு என்று தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் கேட்காதீர்கள்! உங்கள் தட்டை நீங்களே எடுங்கள். உங்கள் துணியை நீங்களே உலர்த்துங்கள். பேரனிடம் தண்ணீர் கேட்காமல் எழுந்து போய்க் குடியுங்கள்.

பிள்ளைகளாகிய நமக்கு நான் சொல்வது ஒன்றுதான். இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அம்மாவோ அப்பாவோ நாற்காலியிலிருந்து எழ முயன்றால், உங்கள் கை தானாக முன்னே நீளும். ஒரு நிமிஷம் பொறுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் தூக்காதீர்கள். அவர்களே எழுந்து நிற்கட்டும்.